ஜெர்மானியர்கள் பிறவியிலேயே விதிகளை விரும்புகிறவர்களா?

பிரிட்டனில் ஒரே நாளில் கம்பெனி பதிவு செய்துவிடலாம், ஜெர்மனியில் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி, அது அவர்கள் கலாசாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். கலாசாரம் என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கெடுபிடி உண்மைதான். ஜெர்மனியில் ஜிஎம்பிஹெச், அதாவது நம்மூர் பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி, தொடங்கக் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ. அதில் பாதியையாவது பதிவுக்கு முன்பே போட்டாக வேண்டும். அப்புறம் நோட்டரி. நிறுவன ஒப்பந்தத்தை அவர் வரிவரியாக உரக்க வாசிப்பார், பங்குதாரர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். 2022 முதல் இதை வீடியோ வழியாகவும் செய்யலாம். வாசிப்பு மட்டும் நிற்கவில்லை.

ஆனால் 1999-இல் நடந்ததைப் பாருங்கள். டென்மார்க்கின் மூலதன விதியைத் தவிர்க்க ஒரு தம்பதி தங்கள் கம்பெனியை பிரிட்டனில் பதிவு செய்தார்கள். அதன் கிளையை டென்மார்க் பதிவு செய்ய மறுத்தது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்ட்ரோஸ் வழக்கு என்பார்கள். இந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொருந்தும், பிரிட்டனும் அப்போது அதில் இருந்தது. இப்படி வழி திறந்ததும், விதிப்பிரியர்கள் என்று நாம் நினைக்கும் ஜெர்மானியர்களே ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் லிமிடெட் கம்பெனி தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் ஜெர்மனி 2008-இல் ஒரு யூரோ மூலதனத்தில் தொடங்கக்கூடிய யூஜி என்ற கம்பெனி வடிவத்தைக் கொண்டுவந்தது. அதிலும் லாபத்தில் கால் பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டே வர வேண்டும்.

பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. அங்கே முன்பு யார் என்ன பெயர் கொடுத்தாலும் பதிவேட்டில் ஏறியது, போலிக் கம்பெனிகள் பெருகின. 2023-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 நவம்பரிலிருந்து புதிய இயக்குநர்கள் அடையாளத்தை நிரூபித்தே ஆக வேண்டும். ஒரே தலைமுறைக்குள் இரண்டு நாடுகளும் இடம் மாறுகின்றன என்றால், இதைப் பிறவிக்குணம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பெனி நொடித்தாலும் உரிமையாளரின் வீடு தப்பிக்கிறதே, அந்தப் பாதுகாப்பு சட்டம் கொடுத்தது. பிரிட்டனிலேயே சாதாரணக் கம்பெனிகளுக்கு அது 1855-இல்தான் பொதுவாகக் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்துக்கான விலையைக் கடனுக்குச் சரக்கு கொடுத்தவரும் சம்பள பாக்கி உள்ள தொழிலாளியும் கட்டுகிறார்கள்.

அதனால் நாடுகளை ஒப்பிடும்போது பதிவுக்கு எத்தனை நாள் என்பதோடு நிறுத்தாதீர்கள். பணம் தீர்ந்தால் என்ன கடமை என்றும் பாருங்கள். ஜெர்மனியில் கடனைக் கட்ட முடியாத நிலை வந்தால், நிர்வாகி அதிகபட்சம் 3 வாரத்துக்குள் திவால் மனு கொடுக்க வேண்டும். தவறினால் அவர் சொந்தப் பணத்திலிருந்து நஷ்டஈடு கட்ட நேரும், வழக்கு சிறைவரை போகலாம்.