பில் கேட்கும்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள்

கேள்வி: அக்கா, எங்கள் மகள் இத்தாலியில் போலோன்யா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஜூலையில் நானும் அவள் அப்பாவும் இரண்டு வாரம் போகிறோம். நாங்கள் சுத்த சைவம். "கோடையில் இங்கே எல்லாரும் வெளியேதான் சாப்பிடுவாங்க, நாமும் போகலாம்" என்கிறாள். இவரோ "தெருவில் உட்கார்ந்து சாப்பிடவா அவ்வளவு தூரம் போகணும்?" என்கிறார். நீங்கள் அந்த ஊரில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கட்டாயம் போய் உட்காருங்கள். முதல் நாள் சாயங்காலமே.

என் மகன் அங்கே வேலையில் இருந்தபோது ஜூனிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை நான் அவனோடு இருந்தேன். உங்கள் வீட்டுக்காரரின் எண்ணம்தான் எனக்கும் இருந்தது. மந்தைவெளியில் எங்கள் பாட்டி, கண் பட்டுவிடும் என்று வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இலை போடுவாள். அப்படி வளர்ந்தவளுக்கு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க வாயில் உணவை வைப்பதே கூச்சமாக இருந்தது. முதல் வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே ரசம் சாதம்.

ஆனால் ஜூலை வந்ததும் உள்ளே இருக்க முடியவில்லை. போலோன்யா கடல் பக்கம் இல்லை, போ ஆற்றுச் சமவெளியில் இருக்கிறது. வெயில் 35 டிகிரியைத் தொடும். கூடவே நம் ஊர்ப் புழுக்கம். அந்தப் புழுக்கத்துக்கு அவர்களிடம் 'ஆஃபா' என்று தனிச் சொல்லே உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் ஏசி கிடையாது. பகலெல்லாம் காய்ந்த செங்கல் சுவர் ராத்திரி அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். நாம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தோமே, அதே காரணத்துக்காகத்தான் அவர்கள் தெருவில் மேசை போடுகிறார்கள். இது புரிந்ததும் என் கூச்சம் பாதி போய்விட்டது.

மீதி போனது குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய சந்தைப் பகுதியில். சந்துகள் குறுகல். மேசை போட்டிருக்கும் இடத்தில் கார் வராது, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மணி எட்டரை, இன்னும் வெளிச்சம். ஜூலைத் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறையவே ஒன்பது ஆகும். உட்கார்ந்ததும் கடைப் பையன் எங்கள் மேசைக்கு அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போனான். குனிந்து பார்த்தால் கொசுவத்திச் சுருள்! 'ஸாம்பிரோனே' என்பார்களாம். அந்தப் புகை வாசனை வந்ததும் எனக்கு ஊர் வந்துவிட்டது.

பக்கத்து மேசையில் ஒரு பாட்டியும் பேத்தியும் இருந்தார்கள். சாப்பாடு முடிந்து, ஒரு பீச் பழத்தை நறுக்கி இரண்டு பேருமாகத் தின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசினார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் டிபன் கடைகளில் நாம் கடைசி வாய் காபி குடிப்பதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும், இல்லையா? அங்கே நீங்களாக "இல் கோன்தோ" என்று கேட்டால்தான் பில் வரும். கேட்காதவரை அந்த மேசை உங்களுடையது. அதனால் பசிக்காக மட்டும் போகாதீர்கள், பொழுதைக் கழிக்கப் போங்கள்.

இப்போது சைவம். இதைக் கவனமாகப் படியுங்கள், அந்த ஊரின் பெருமையே பன்றி இறைச்சிதான். 'தொர்த்தெல்லினி' வேண்டாம்: உள்ளே இறைச்சி, வேகவைப்பதும் இறைச்சிச் சாற்றில். 'தொர்த்தெல்லோனி' கேளுங்கள். பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இதில் ரிக்கோத்தா என்ற பாலாடைக்கட்டியும் கீரையும் இருக்கும். வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொன்னால் அவ்வளவு நன்றாக இருக்கும். நான் பத்து தடவையாவது சாப்பிட்டிருப்பேன். நம் சப்பாத்தி போலவே இருக்கிறதே என்று 'பியாதீனா'வை நம்பி வாங்காதீர்கள்; பழைய முறையில் அந்த மாவிலேயே பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். "ஸ்த்ருத்தோ இருக்கிறதா?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பர்மேசான் சீஸிலும் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் உண்டு. அதுவும் ஆகாது என்றால் 'மரினாரா' பீட்ஸா: தக்காளி, பூண்டு, ஓரெகானோ, ஆலிவ் எண்ணெய், சீஸே கிடையாது.

நேரமும் முக்கியம். மதியம் இரண்டரைக்குப் பெரும்பாலான சமையலறைகள் மூடிவிடும், மறுபடி திறக்க ஏழரை ஆகும். உங்கள் வீட்டுக்காரர் மாத்திரைக்காகச் சீக்கிரம் சாப்பிடுகிறவர் என்றால் ஆறரைக்கே 'அபெரித்தீவோ'வுக்கு உட்காருங்கள். ஏதாவது பானம் வாங்கினால் ஆலிவ், சிப்ஸ் கூடவே வரும். மது இல்லாமல் 'கினோத்தோ' கிடைக்கும், கசப்பும் இனிப்புமாக.

திடீரென்று மழை வந்தால் பயப்படாதீர்கள். ஊர் முழுக்கத் தூண் வைத்த நடைபாதைக் கூரைகள், மொத்தம் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் பழைய வீட்டுத் திண்ணையைத் தெரு நெடுகிலும் நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அந்தக் கூரைக்கு அடியிலும் மேசை போட்டிருப்பார்கள். சாப்பிட்டதும் பியாத்ஸா மஜ்ஜோரே சதுக்கத்துக்கு நடந்து போங்கள். கோடை இரவுகளில் அங்கே பெரிய திரை கட்டி இலவசமாகப் படம் போடுவார்கள்.

கேள்வி: போன வருடம் புளோரன்ஸில் நானும் மனைவியும் வெளியே உட்கார்ந்து சாப்பிட்டோம். கேட்காமலேயே பில்லில் 5 யூரோ கூடுதலாகப் போட்டிருந்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஏமாற்று இல்லை, ஐயா. அது 'கோபெர்த்தோ', ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ. ரொட்டி, மேசை விரிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மெனு அட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், உட்காரும் முன் பாருங்கள். தண்ணீரும் காசுக்குத்தான். காபியை மட்டும் நின்றுகொண்டே குடித்துவிடுங்கள், பல கடைகளில் உட்கார்ந்தால் விலை வேறு.

கேள்வி: நம் சென்னையில் இப்படி உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: உங்கள் அடுக்ககத்துக்கு மொட்டை மாடி இருக்குமே? ஊர் திரும்பிய அடுத்த சித்திரைப் பௌர்ணமிக்கு நான் அதைத்தான் செய்தேன். ஐந்து மணிக்கு நாலு வாளி தண்ணீர் ஊற்றித் தளத்தைக் குளிர வைத்தோம். மூன்று வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், கீழ்வீட்டிலிருந்து வடாம். கொசுவத்தி இரண்டு. ஏழு மணிக்கு மேல் கடல் காற்று வந்தது. பதினொன்றரைக்கு வாட்ச்மேன் வந்து கேட்டைப் பூட்டலாமா என்று கேட்டார். அவருக்கும் ஒரு தட்டு போட்டோம், அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.