வேலையை விட்ட பிறகு நிறுவனத்தின் கணக்கு உங்கள் கையில் இருந்தால்

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதி) பொறியாளராக வேலை செய்தேன். நிறுவனத்தின் எக்ஸ் கணக்கையும் யூடியூப் பக்கத்தையும் என் சொந்த ஜிமெயில் முகவரியில் நான்தான் தொடங்கினேன். இரவு பகல் பாராமல் தொழில்நுட்ப விளக்கங்கள் எழுதி அவற்றை வளர்த்தேன். பெயரெல்லாம் மேலாளருக்குப் போனது. வேலையை விட்டபோது கடைசி மாதச் சம்பளத்தையும் போனஸையும் பிடித்துக்கொண்டார்கள். வெறுத்துப்போய், கடைசி வேலைநாளுக்கு மறுநாள் கடவுச்சொல்லை மாற்றினேன். மற்ற நிர்வாகிகளை நீக்கினேன். நான் எழுதிய பதிவுகள் சிலவற்றையும் அழித்துவிட்டேன். கணக்குகளை ஒப்படைக்கும்படி இப்போது வழக்கறிஞர் கடிதம் வந்திருக்கிறது. அவர்கள் உள்ளே நுழைய முயலும்போதெல்லாம் என் கைபேசிக்கு ஆறு இலக்க எண் வருகிறது. பிள்ளையைப் போல் வளர்த்த கணக்கை நான் ஏன் கொடுக்க வேண்டும்? சம்பளம் தந்தால் தருகிறேன் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. அப்படி ஒரு செய்தியை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இதற்கு மேல் ஒரு வரிகூட அவர்களுக்கு எழுதாமல் இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடவுச்சொல்லை மாற்றிய அந்த நாளில், அந்தக் கணக்குகளுக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பது ஒன்றே உங்கள் விவகாரத்தில் சட்டம் கேட்கும் கேள்வி. கணக்கைத் தொடங்கியது யார், மேலாளர் எப்படி நடந்துகொண்டார் என்பவற்றை நீதிமன்றத்தில் யாரும் எடைபோடப் போவதில்லை. கணக்கு நிறுவனத்தின் பெயரில், அதன் சின்னத்துடன், உங்கள் வேலையின் ஒரு பகுதியாக நடந்திருக்கிறது. சக ஊழியர்களும் நிர்வாகிகளாக இருந்திருக்கிறார்கள். இவ்வளவும் இருக்கும்போது, பதிவு செய்த மின்னஞ்சல் உங்களுடையது என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு உரிமை கோருவது மிகவும் பலவீனமான வாதம். வேலை ஒப்பந்தம் முடிந்த அன்றே உங்களுக்கு அளிக்கப்பட்டிருந்த அனுமதியும் முடிந்துவிட்டது என்றே எதிர்த்தரப்பு சொல்லும். அந்த வாதம் நிற்கும்.

இதை நீங்கள் வெறும் உரிமையியல் தகராறு என்று நினைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. இது குற்ற வழக்காகவும் ஆகலாம். 1993ஆம் ஆண்டின் கணினி முறைகேட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதியின்றி உள்ளே நுழைவதையே குற்றமாக்குகிறது. முதல் குற்றத்திற்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும். அனுமதியின்றித் தகவலை மாற்றுவதும் அழிப்பதும் 5ஆம் பிரிவிலும், மற்றவர் அணுக முடியாதபடி தடுப்பது 7ஆம் பிரிவிலும் வருகின்றன. இவற்றுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். சேதம் விளைந்ததாக நிறுவப்பட்டால் உச்சவரம்பு 50,000 வெள்ளியாகவும் ஏழாண்டுச் சிறையாகவும் உயர்கிறது. ஒரே மாலையில் நீங்கள் செய்த மூன்று காரியங்களும் இந்த மூன்று பிரிவுகளையும் தொடுகின்றன. சர்வர் அமெரிக்காவில் இருக்கிறதே என்று உங்கள் துறையினர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. நீங்கள் சிங்கப்பூரில் உட்கார்ந்து செய்திருந்தால் அதுவே இங்கு வழக்குத் தொடரப் போதுமானது.

அழித்தவை நீங்கள் எழுதிய பதிவுகள்தானே என்ற சமாதானமும் உதவாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, ஊழியர் தம் வேலையின் பகுதியாக உருவாக்கியவற்றின் பதிப்புரிமை நிறுவனத்துக்கே என்பதுதான் 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை.

இத்தகைய விவகாரங்களில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் முதல் நாள் கோபத்தில் செய்த தவற்றால் கெட்டுப்போனவர்கள் அல்லர். வழக்கறிஞர் கடிதம் வந்த பிறகு செய்தவற்றால்தான் கெட்டுப்போனார்கள். ஒருவர் என்ன நடக்கிறது என்று பார்க்க மட்டும் மறுபடி உள்ளே போவார், நேரடிச் செய்திகளைப் படிப்பார், வாடிக்கையாளர் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பருக்கு அனுப்புவார். ஒவ்வொரு நுழைவும் தேதியோடும் இணைய (ஐபி) முகவரியோடும் பதிவாகிறது என்பதை மற்றவரைவிட நன்கு அறிந்த பொறியாளர்களே இதைச் செய்வதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. இன்னொருவர் அழித்ததை அவசரமாகத் திரும்ப ஏற்றுவார். அதுவும் அனுமதியில்லாத மாற்றமே. வேறொருவர் ‘பணம் வந்த மறுநிமிடம் கடவுச்சொல் வரும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதுவார். நியாயமான சம்பளத்தைக் கேட்பதாகத்தான் அவர் மனம் சொல்லும். ஆனால் அந்த ஒரு வரி விசாரணை அதிகாரியின் கைக்குப் போனால், மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றத்தின் கோணத்திலும் அது ஆராயப்படலாம். கடைசியில், காவல்துறை அழைக்கும்போது தனியாகப் போய், எப்படிச் செய்தேன் என்று தொழில்நுட்ப நுணுக்கங்களோடு விளக்கி வாக்குமூலத்தில் கையெழுத்திட்டு வருவார். அதன் பிறகு வழக்கறிஞரால் செய்யக்கூடியது குறைவு.

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் பழைய நிறுவனத்தின் சோதனை அமைப்புக்குள் நுழைந்து 180 மெய்நிகர் சர்வர்களை அழித்ததற்காக 2024இல் சிங்கப்பூர் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதச் சிறை விதித்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். உங்கள் செயல் அந்த அளவினது அன்று. ஆயினும் நுழைவுரிமை முடிந்த பிறகும் உள்ளே போனார் என்ற அடிப்படை ஒன்றே. பாஸில் இருப்பவருக்குத் தண்டனைக்கு முன்பே இழப்பு தொடங்கிவிடும். விசாரணை முடியும் வரை கடப்பிதழை ஒப்படைக்க நேரலாம், கைபேசியும் மடிக்கணினியும் ஆதாரமாகப் போகலாம், புதிய வேலைக்கான பாஸ் விண்ணப்பமும் சிக்கலாகலாம்.

ஆகவே சமரசமாகப் போங்கள் என்றே சொல்வேன், அதையும் காவல்துறைப் புகார் எழுவதற்கு முன் செய்யுங்கள். இங்கு குற்ற வழக்கைத் தொடர்வதா விடுவதா என்பது அரசாங்கத் தரப்பின் முடிவு. புகார் கொடுத்தவர் பின்னர் மனம் மாறினாலும் வழக்கு தானாக நின்றுவிடாது. புகார் கொடுக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவும் முயல வேண்டாம். அத்தகைய உறுதிமொழி சட்டத்தில் செல்லாது, கேட்டதே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஒப்படைப்பதற்காகக்கூட நீங்களாக உள்ளே நுழையாதீர்கள். என்னென்ன மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகு, அவற்றை மட்டும் செய்யுங்கள்: பதிவு மின்னஞ்சலை நிறுவனத்தின் முகவரிக்கு மாற்றுவது, இரண்டடுக்குச் சரிபார்ப்பிலிருந்து உங்கள் எண்ணை எடுப்பது, பழைய நிர்வாகிகளைச் சேர்ப்பது. உங்கள் யூடியூப் பக்கம் பிராண்ட் கணக்கில் (பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய கூகுள் கணக்கு) இருந்தால், புதிதாகச் சேர்த்த உரிமையாளரை முதன்மை உரிமையாளராக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும். கடிதம் விதித்த கெடு இதற்குப் போதாமல் போகலாம் என்பதால், முதல் பதிலிலேயே இதைச் சொல்லிக் கால நீட்டிப்புக் கேளுங்கள். இல்லாவிட்டால் தாமதத்தையும் உங்கள் பிடிவாதமாகவே காட்டுவார்கள். அழித்த பதிவுகளின் நகல் உங்களிடம் இருந்தால் அதையும் வழக்கறிஞர் வழியாகவே கொடுங்கள்.

ஆறு இலக்க எண் வரும்போது அதை யாருக்கும் தொலைபேசியில் படித்துக் காட்ட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். யார் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கு நிச்சயமில்லை. மோசடிக்காரரும் இதே எண்ணைத்தான் கேட்பார்.

ஓரிடத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். உங்கள் ஜிமெயிலின் கடவுச்சொல்லையோ உங்கள் பெயரிலுள்ள லிங்க்ட்இன் கணக்கையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். அவை உங்களுடையவை. ஆனால் இன்னும் அங்கேயே வேலை செய்வதாக லிங்க்ட்இனில் காட்டிக்கொண்டிருந்தால் இன்றே திருத்துங்கள்.

சம்பளப் பாக்கியைத் தனிப் பாதையில் கொண்டுபோங்கள். கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் சச்சரவு நிர்வாகத்திற்கான முத்தரப்புக் கூட்டணி (TADM) என்ற சமரச அமைப்பிடம் கோரிக்கை பதிவாக வேண்டும். அங்கு தீராவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, தொழிற்சங்கத்தின் வழியாகப் போனால் 30,000 வெள்ளி வரை கேட்கலாம். போனஸ் உங்கள் ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய அதை விட்டுவிடுங்கள். கணக்கு ஒப்படைப்புப் பத்திரத்தில் ‘இருதரப்பின் எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் தீர்ந்தன’ என்ற வரி பெரும்பாலும் நுழைந்திருக்கும். பாக்கிச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறும் வரை, அல்லது அந்தக் கோரிக்கைக்கு மட்டும் விலக்கு உண்டு என்று பத்திரத்திலேயே எழுதப்படும் வரை, கையெழுத்திடாதீர்கள்.