பட்டறைப் பக்கம்: ஸ்பேனர் நுழையுது, ஆனா திரும்பலையே!

இந்த மாசம் வந்த கேள்விகள்ல அஞ்சு ஒரே சமாச்சாரத்தைச் சுத்தியே இருக்கு. நட்டு கண்ணுக்குத் தெரியுது, ஸ்பேனரும் போயி உக்காருது, ஆனா திருப்ப இடமில்ல. அதனால இந்தத் தடவை வேற எதையும் தொடாம இதையே பேசிருவோம்.

திருமங்கலத்துல டூவீலரும் சின்ன லோடு வண்டியும் பாக்குற ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். ஸ்டார்ட்டர் மோட்டாரோட மேல் போல்ட்டைக் கழட்டுறதுக்குள்ள உசுரு போயிருது. மதுரைக்குப் போயி கடையில ஆங்கிள் ஸ்பேனர்னு கேட்டா, வளைஞ்சது, தலை சாஞ்சது, ராட்செட் வச்சதுன்னு ஆளுக்கு ஒண்ணை எடுத்துப் போடுறாங்க. முழு செட் வாங்க காசு இல்லண்ணே, எதை முதல்ல வாங்க?
வாசகர், திருமங்கலம்

கடைக்காரர் மேல தப்பில்ல தம்பி. நம்ம ஆங்கிள்னு ஒரே வார்த்தையை ரெண்டு வேற விஷயத்துக்குச் சொல்றோம். ஒண்ணு, ஸ்பேனர் வாய் பக்கவாட்டுல சாஞ்சு இருக்குறது. இன்னொண்ணு, ரிங் ஸ்பேனர் தலை கீழ இறங்கி கைப்பிடி மேல தூக்கிக்கிட்டு நிக்கிறது. பக்கத்துல ஒரு பைப்போ பிராக்கெட்டோ இடிச்சா முதல் வகை வேணும், நட்டு பள்ளத்துக்குள்ள இருந்து சுத்தி மேடா இருந்தா ரெண்டாவது வகை வேணும். இடைஞ்சல் பக்கத்துல இருக்கா மேல இருக்கான்னு பாக்காம கடைக்குப் போனா, எவ்வளவு காசு குடுத்து வாங்கினாலும் அந்த ஸ்பேனர் பெட்டிக்குள்ளதான் தூங்கும்.

அடுத்து, எவ்வளவு தூரம் திருப்ப முடியும்னு பாரு. நட்டுக்கு ஆறு பட்டை, ஒரு பட்டையில இருந்து அடுத்த பட்டைக்கு 60 டிகிரி, கடிகாரத்துல பெரிய முள்ளு பத்து நிமிஷம் போற தூரம். வாய் நேரா இருக்குற ஸ்பேனர்னா அந்த 60 டிகிரி பூராவும் திரும்பினாத்தான் எடுத்து அடுத்த பட்டையில வைக்க முடியும். நம்ம சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனர் வாயை 15 டிகிரி சாச்சு செஞ்சிருக்குறதே இதுக்காகத்தான், ஒரு தடவை திருப்பு, கவுத்துப் போட்டு மறுபடி வை, 30 டிகிரி திரும்பினாலே வேலை ஓடும். பன்னெண்டு பல்லு ரிங் ஸ்பேனருக்கும் அதே 30 போதும், ஆறு பட்டை ரிங்குன்னா 60 வேணும். அதுவும் இல்லாத இடத்துக்குத்தான் ராட்செட் ரிங், தலைக்குள்ள பல்லுச் சக்கரம் இருக்கும், ஒரு பக்கம் புடிச்சுத் திருப்பும், மறு பக்கம் சும்மா ஓடும், 72 பல்லு உள்ளதுன்னா ஒரு பல்லுக்கு 5 டிகிரி, கடிகாரத்துல ஒரு நிமிஷம்கூட இல்ல.

இதை அளக்க நான் பண்றது ஒரு வேலை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, கையில இருக்குற ஸ்பேனரை அது மேல வச்சு பேனாவால சுத்தி வரைஞ்சு கத்திரியால வெட்டி, அந்த அட்டை ஸ்பேனரை வண்டிக்குள்ள விட்டுப் பாப்பேன். எங்க மடங்குதோ அங்கதான் இடிக்குது, எவ்வளவு ஆடுதோ அதுதான் உனக்கு இருக்குற இடம். அப்படியே அந்த அட்டையைக் கடைக்குக் கொண்டு போயி கவுண்டர்ல வச்சு, அதுக்கு ஒத்து வர்ற ஸ்பேனரைக் கேளு. மேல் மூடி, பக்கத்துப் பைப்புன்னு வாயால விளக்குறதைவிட அட்டை நல்லாப் பேசும்.

உன் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கு வருவோம். நேர்க் கைப்பிடி எதுவும் போகாம நடுவுல ஒரு உருண்டை மேடு இடைஞ்சலா நின்னா பிறை நிலா மாதிரி வளைஞ்ச ஹாஃப் மூன் ரிங் ஸ்பேனர்தான் சரி, அது இடைஞ்சலைச் சுத்திக்கிட்டுப் போயி நட்டுல உக்காரும். ஆனா செட்டா வாங்காத, உன் போல்ட்டுத் தலைக்கு உள்ள சைஸ் ஒண்ணு மட்டும் போதும். சைஸையும் அளந்துட்டுப் போ. ஜப்பான் வழி வந்த வண்டிகள்ல 8 மில்லி போல்ட்டுக்குத் தலை 12, 10 மில்லிக்கு 14. ஜெர்மன் அளவுல வந்ததுன்னா அதே 8 மில்லிக்கு 13, 10 மில்லிக்குப் பழசு 17, புதுசு 16. இது தெரியாம 13-ஐ வாங்கிட்டு வந்து 12 தலையில மாட்டி முனையைத் தேச்சவங்களை நிறையப் பாத்திருக்கேன்.

ராட்செட் ரிங் வாங்குறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு கேளு, பக்கத்துல திசை மாத்துற குட்டி லீவர் இருக்குற மாடலா வாங்கு. ஒரு வேன்ல இதே ஸ்டார்ட்டர் போல்ட்டை லீவர் இல்லாத ராட்செட் போட்டு கடகடன்னு கழட்டிக்கிட்டு வந்தேன், நல்லாத்தான் போச்சு, போல்ட்டு வெளிய வர வர தலைக்கும் பின்னாடி இருந்த பாடித் தகட்டுக்கும் நடுவுல ஸ்பேனர் மாட்டிக்கிருச்சு. எடுக்கவும் முடியல, திருப்பி முடுக்கவும் முடியல, அந்த மாடலைக் கவுத்துப் போட்டாத்தான் திசை மாறும், கவுக்க அங்க ஏது இடம். கடைசியில இன்ஜின் மவுண்டை லூசு பண்ணி ஜாக்கி வச்சுத் தூக்கி எடுக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு, வண்டிக்காரர் பாவம் வாசல்லயே உக்காந்திருந்தார். அதுல இருந்து, போல்ட்டு எவ்வளவு நீளம் வெளிய வரும், பின்னாடி எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்காம ராட்செட்டைத் தொடுறதில்ல. முதல் பிடி விடுறதையும் ராட்செட்ல பண்ணாத, உள்ள பல்லு தெறிச்சிரும். சாதா ரிங்குல ஒரு தடவை விடுவிச்சிட்டு அப்புறம் ராட்செட்.

ஆக உன் வரிசை இது: முதல்ல சைஸ் பாத்து ஒரு ஹாஃப் மூன், அடுத்து லீவர் வச்ச ராட்செட் ரிங் 10, 12, 14 மூணு மட்டும். மிச்சத்தை வேலை கேக்கும்போது பாத்துக்க.

கடையில ரெண்டு முனையும் ஒரே சைஸ்ல, ஒரு பக்கம் 30 டிகிரி, ஒரு பக்கம் 60 டிகிரி சாஞ்ச ஸ்பேனர் காட்டுனாங்க. ஒரே சைஸுக்கு எதுக்கு ரெண்டு முனை? கம்பெனியில ஹைட்ராலிக் யூனிட்ல கை நுழையாத ஹோஸ் நட்டுகளுக்கு இது ஆகுமா? குறிச்ச அளவுக்கு மட்டும் முடுக்குற டார்க் ரிஞ்சும் போட வேண்டியிருக்கு.
வாசகர், கப்பலூர்

அது அந்த வேலைக்குன்னே செஞ்சதுதான். அதுல ஒரு நுணுக்கம் இருக்கு, வாங்குறவங்க நிறையப் பேரு கவனிக்கிறதில்ல. 15 டிகிரி ஸ்பேனரைக் கவுத்துப் போட்டா புது இடம் கிடைக்குதுல்ல, 30 டிகிரி முனையைக் கவுத்துப் போட்டா கிடைக்காது, ஏன்னா இந்தப் பக்கம் 30 அந்தப் பக்கம் 30 சேந்து 60, சரியா ஒரு பட்டை, பழைய இடத்துலயே வந்து நிக்கும். அதனால ஒரே முனையோட மல்லுக்கட்டாம, 30 முனையில ஒரு இழுப்பு, திருப்பிப் புடிச்சு 60 முனையில ஒரு இழுப்புன்னு மாத்தி மாத்திப் போடணும், அப்பத்தான் 30 டிகிரி இடத்துல வேலை நடக்கும். முனை ரெண்டும் ஒரே சைஸா இருக்குறது இதுக்குத்தான்.

ஹோஸ்ல எப்பவும் ரெண்டு ஸ்பேனர் போடுங்க, ஒண்ணு நட்டு ஏறியிருக்குற அடாப்டரைப் புடிக்க, ஒண்ணு நட்டைத் திருப்ப. இல்லன்னா ஹோஸ் முறுக்கிக்கிட்டுச் சீக்கிரம் வெடிச்சிரும். பம்பை நிறுத்தி உள்ள இருக்குற பிரஷரை முழுசா இறக்காம நட்டுல கையே வைக்காதீங்க, ஊசி முனை அளவு ஓட்டையில வர்ற ஆயில்கூட தோலைத் தொளைச்சு உள்ள போயிரும்.

டார்க் ரிஞ்சுல குரோஃபுட், அதாவது நுனியில மாட்டுற கைப்பிடி இல்லாத குட்டி ஸ்பேனர் வாய், மாட்டுறீங்கன்னா, கைப்பிடிக்கு நேரா நீட்டி மாட்டினா நீளம் கூடும், நட்டுக்குப் போற டார்க்கும் கூடும். 60 நியூட்டன் மீட்டர் வேணும், ரிஞ்சு புடியில இருந்து தலை வரைக்கும் 400 மில்லி, குரோஃபுட் 50 மில்லி கூட்டுதுன்னா, 60-ஐ 400-ஆல பெருக்கி 450-ஆல வகுத்தா 53-ம் சொச்சமும் வரும், அங்க செட் பண்ணுங்க. கணக்குப் போட நேரமில்லன்னா குரோஃபுட்டை கைப்பிடிக்கு 90 டிகிரியில, எல் மாதிரி மாட்டுங்க, செட்டிங் மாத்த வேண்டியதில்ல.

சோழவந்தான் பக்கம் தோப்புல மோட்டாரும் பம்பும் ஒண்ணா வர்ற மோனோபிளாக் மோட்டார், சுவத்தை ஒட்டி மாட்டிட்டாங்க. பைப்பை போல்ட்டு போட்டு இணைக்கிற பிளாஞ்சுக்குப் பின்னாடி நாலு விரல்தான் இடம், பின் பக்கத்து நட்டுல ஸ்பேனர் திரும்பவே மாட்டேங்குது. இதுக்கு வளைஞ்ச ஸ்பேனர் எதும் இருக்கா?
வாசகர், சோழவந்தான்

ஐயா, இதுக்குப் புது ஸ்பேனரே வேண்டாம். பின் நட்டைத் திருப்பணும்னு யாரு சொன்னா? மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையை உருவிட்டு, பின் நட்டுல ஒரு டபுள் எண்ட் ஸ்பேனரை மாட்டி அது சுவத்துலயோ பைப்புலயோ முட்டி நிக்கிற மாதிரி விட்டுருங்க, முன்னாடி வந்து போல்ட்டுத் தலையை பாக்ஸ் ஸ்பேனர்ல திருப்புங்க. நீளமான ஸ்பேனர் பின்னாடி நுழையலைன்னா குட்டை ஸ்பேனர் ஒண்ணு வாங்கிக்கங்க, அது புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். மறுபடி மாட்டும்போது போல்ட்டுகளை மாத்திச் சொருகுங்க, தலை சுவத்துப் பக்கம், நட்டு உங்க பக்கம். அடுத்த தடவை வாஷர் மாத்துறப்ப பின் பக்கம் தலையை மட்டும் புடிச்சாப் போதும், நட்டு கைக்கு எதுக்க இருக்கும்.

பக்கத்துல பழைய ஆயில் இன்ஜின் வச்சிருந்தீங்கன்னா ஒரு சேதி. அதுல இருக்குறது இங்கிலீஷ் விட்வொர்த் நட்டா இருக்கும், அரை இஞ்ச் போல்ட்டுக்குத் தலை 23.4 மில்லி, 23 ஸ்பேனர் ஏறாது, 24 லொடலொடங்கும், முனை மழுங்கிரும். விட்வொர்த் ஸ்பேனர்ல போட்டிருக்குற நம்பர் போல்ட்டோட விட்டம், வாயோட அகலம் இல்ல. அதைத் தெரிஞ்சு கேட்டு வாங்குங்க.

வாஷ் பேசின் குழாய் ஆடுது. அடியில தலையைக் குடுத்துப் பாத்தேன், நட்டு சுவத்துக்கும் பேசினுக்கும் நடுவுல மேல இருக்கு. பிளம்பரைக் கூப்பிடாம நானே பண்ண முடியுமா அண்ணா?
வாசகி, கே.புதூர்

தாராளமாப் பண்ணலாம் தங்கச்சி. பேசின் ரிஞ்சுன்னு கேளும்மா, நீளக் கம்பி, மேல கொக்கி மாதிரி வாய், கீழ டி கைப்பிடி. கொக்கியை ஒரு பக்கம் சாச்சா முடுக்கும், மறு பக்கம் சாச்சா கழட்டும். அடியில தண்ணி வர்ற ஆங்கிள் காக்கை மூடிட்டு, மேல ஒருத்தரைக் குழாயைப் புடிச்சுக்கச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கிட்டு அடியில போ, துரு கண்ணுல விழும். பிளாஸ்டிக் நட்டா இருந்தா ரிஞ்சு போடவே வேண்டாம், கையால முடுக்கினதே போதும், பீங்கான் கீறல் விட்டுரும்.

உசிலம்பட்டியில எங்க ஒர்க்‌ஷாப்புல பழைய ரிங் ஸ்பேனரைக் காய்ச்சி வளைச்சுத்தான் எல்லாம் ஓட்டுறோம். அது தப்புங்கிறாங்களே?
வாசகர், உசிலம்பட்டி

தப்புன்னு ஒரேயடியாச் சொல்ல மாட்டேன், நானும் பண்ணியிருக்கேன். ஸ்பேனரோட பலம் முழுக்க அதைக் காய்ச்சி, குளிர வச்சு, பதம் ஏத்துனதுல இருக்கு. அந்தத் தலையைச் செவக்கக் காய்ச்சினா பதம் போயிரும், அப்புறம் வாய் விரிஞ்சு நட்டு வழுக்கும், கை போயி இரும்புல இடிக்கும். அதனால வளைக்கிறது நடுத் தண்டா இருக்கணும், தலையில நல்லா நனைச்ச சாக்கைச் சுத்திக்கிட்டே காய்ச்சணும், வளைச்சதும் தண்ணியில முக்காம தானா ஆற விடணும். மேல இருக்குற பளபளப்புப் பூச்சை காய்ச்சுற இடம் வரைக்கும் முதல்லயே தேச்சு எடுத்துருங்க, அது எரிஞ்சு வர்ற புகை நெஞ்சுக்கு ஆகாது, வேலையைத் திறந்த வெளியில வச்சுக்கங்க.

வளைச்ச ஸ்பேனரை நல்ல ஸ்பேனரோட கலக்காம தண்டுல செவப்புப் பெயின்ட் அடிச்சு வைங்க. அதுல பைப்பு சொருகி நெம்பக் கூடாது, பிரேக்கு, வீல் பக்கம் கொண்டு போகவே கூடாது. ராட்செட் ஸ்பேனரை மட்டும் காய்ச்சிராதீங்க, உள்ள இருக்குற ஸ்பிரிங் அந்தச் சூட்டுலயே செத்துரும்.