வலைத்தளம் தொடங்க மூன்று ஞாயிறு போதும்

கேள்வி: மயிலாடுதுறையில் இருபத்திரண்டு வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே விவரத்தை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அனுப்புகிறேன். எனக்கென்று ஒரு வலைத்தளம் வேண்டும். வடிவமைப்பு தெரியாது. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். டெம்ப்ளேட் (ஆயத்தப் பக்க வடிவம்) தேடியே மூன்று வாரம் போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, டெம்ப்ளேட் தேடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவை கண்ணுக்கு அழகாகத் தெரிவது அவற்றில் வைத்திருக்கும் படங்களால்தான். அந்தப் படத்தை எடுத்துவிட்டு உங்கள் வகுப்புப் படத்தை வைத்தால் பொருந்தாது. உடனே அடுத்ததைத் தேடத் தோன்றும். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம்.

முதல் ஞாயிறு கணினியைத் திறக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் பெற்றோர் உங்களிடம் கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வயதில் சேர்க்கலாம், எந்தெந்த நாள், மிருதங்கம் வாங்கித் தர வேண்டுமா, பெண் பிள்ளைகள் படிக்கிறார்களா, இப்படி. பிறகு, எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு தாயிடம் சொல்வது போலப் பதில் எழுதுங்கள். 'த தீ தொம் நம் கையில் படியும் வரை சொந்த மிருதங்கம் வேண்டாம், வகுப்பில் இருப்பதிலேயே வாசிக்கலாம்' என்பது உங்கள் வழக்கமானால், அந்த ஒரு வரி தயங்கி நிற்கும் குடும்பத்தை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். தாள் நிரம்பிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இரண்டாம் ஞாயிறு அதை எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது வலைப்பக்கம் எழுதும் குறிமொழியில், மாற்றுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று, நோட்பேடிலேயே எழுதலாம். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து உலகுக்குத் திறந்துவிட்ட முதல் வலைத்தளத்தில் எழுத்தும் இணைப்பும் மட்டும்தான் இருந்தன. அதன் பழைய பிரதியை செர்ன் இன்றும் வைத்திருக்கிறது. இன்றைய கைபேசியிலும் அது சிக்கலில்லாமல் திறக்கிறது.

கோப்பின் தலைப்பகுதியில் இரண்டு வரிகளை மறக்காதீர்கள். ஒன்று, எழுத்துக் குறியாக்க முறை யூடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று சொல்லும் வரி. மற்றொன்று, கைபேசித் திரையின் அகலத்துக்குப் பக்கத்தை அடக்கும் வியூபோர்ட் வரி. முதல் வரியை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. என் அம்மாவின் கைவைத்தியக் குறிப்புகளை அறுபது பக்கம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பல வருடம் கழித்து வேறு கணினியில் திறந்தபோது, 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. அந்த எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். பாமினியில் தமிழ் முகம் மட்டும்தான் இருந்தது, அடியில் சேமித்திருந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. யுனிகோடில் தமிழ் எழுத்தே தமிழ் எழுத்தாகச் சேமிக்கப்படுகிறது. உங்களிடம் பழைய எழுத்துருவில் பாடக் குறிப்புகள் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

அழகு என்று நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எழுத்து 18 பிக்சல், பத்தியின் அகலம் 700 பிக்சலுக்கு மேல் போகாமல், வரி இடைவெளி 1.7. தமிழில் 'கீ' மேலே சுழிக்கும், 'கூ' கீழே வளையும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள், பக்கம் மூச்சு விடுவது தெரியும். நடுவில் ஒரே ஒரு படம் வையுங்கள். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் கறுப்புக் கரணை மேல் உங்கள் விரல்கள், ஜன்னல் வெளிச்சத்தில். கைபேசிப் படம் நான்கைந்து எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, 200 கேபி அளவில் சேமியுங்கள். தொலைபேசி எண்ணை வெறும் எழுத்தாகப் போடாமல், தொட்டால் அழைப்பு போகும் இணைப்பாகப் போடுங்கள்.

மூன்றாம் ஞாயிறு, கோப்புகளை இணையத்தில் வைக்கும் சேவையான கிட்ஹப்பில் இலவசக் கணக்கு திறந்து, உங்கள் பயனர் பெயரோடு கிட்ஹப்.ஐஓ சேர்த்த பெயரில் ஒரு களஞ்சியம் (கோப்புகளுக்கான இடம்) தொடங்குங்கள். கோப்புக்கு இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று பெயர் வைத்து ஏற்றிவிடுங்கள், சில நிமிடத்தில் பக்கம் வந்துவிடும். கச்சேரிப் பதிவுகளை அங்கே ஏற்ற வேண்டாம். யூடியூபில் போட்டு இணைப்பு மட்டும் கொடுங்கள். மூலக்கோப்பு எப்போதும் உங்கள் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். இலவசமாக வலைத்தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது, கையில் பிரதி வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் உடனே ஏற்றிக்கொண்டார்கள்.

கேள்வி: என் பெயரில் டாட் காம் முகவரி இருந்தது. அக்கா மகன்தான் பதிவு செய்து கொடுத்தான். அவன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். போன வாரத்திலிருந்து தளம் திறக்கவில்லை. முகவரி போய்விட்டதா? — தென்காசி வாசகி

பதில்: அநேகமாகப் புதுப்பிக்கும் தேதி தாண்டியிருக்கும். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் அவருடைய முகவரிக்குப் போயிருக்கும். இன்றைக்கே அவருக்கு போன் செய்யுங்கள். டாட் காம் முகவரி காலாவதியான அன்றே பறிபோவதில்லை. பதிவு நிறுவனம் 45 நாள் வரை வைத்திருக்கலாம், ஆனால் அதற்கு முன்பே நீக்கிவிடவும் அதற்கு உரிமை உண்டு. நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, ஆனால் அப்போது கட்டணம் கூடுதலாகக் கேட்பார்கள். அதுவும் கடந்தால் ஐந்தே நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அவரே பணம் கட்டினாலும் சரி, நீங்கள் கட்டினாலும் சரி, கையோடு உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். கடவுச்சொல்லையும் வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கிற இடத்திலேயே எழுதி வையுங்கள்.