யாரிடமிருந்து ரகசியம்?

அன்புள்ள ஐயா,

‘அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி’ தொடரின் ‘அசைலம்’ பருவத்தில் ஆறாவது அத்தியாயம் பார்த்து முடித்தேன். 1964இல் நடக்கும் கதை. மனநல விடுதியின் டாக்டர் ஆர்டன் நோயாளிகள் மேல் ரகசியமாக ஏதேதோ பரிசோதனை செய்கிறார். இன்னொரு பக்கம் பெண்களின் தோலை உரிக்கும் தொடர்கொலையாளி. கொலைகாரனை நம்ப முடிகிறது, பேப்பரில் படிக்கிறோம். டாக்டர் பகுதிதான் மிகையாகத் தெரிகிறது. நான் நர்சிங் படித்தவள். இத்தனை ஊழியர்கள் இருக்கும் இடத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இப்படிச் செய்ய முடியுமா?

க.

அன்புள்ள க.,

ஒருவருக்கும் தெரியாமல் செய்ய முடியாதுதான். நிஜத்தில் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அலபாமாவின் மேக்கன் கவுண்டியில் சுமார் 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அதை அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். சிகிச்சை தருவதாகச் சொல்லிவிட்டு, வைத்தியம் செய்யாமல் விட்டால் நோய் உடம்பை எப்படி அரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சிறப்பு இலவசச் சிகிச்சைக்குக் கடைசி வாய்ப்பு’ என்று ஒரு கடிதம் வீட்டுக்குப் போனது. நம்பிப் போனவர்களுக்கு முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்தார்கள். சிகிச்சை என்று சொன்னது அதைத்தான். அந்த வலி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1947 வாக்கில் பென்சிலின் சிபிலிஸுக்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. இவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் ராணுவத் தேர்வுக்குப் போன சிலருக்கு நோய் இருப்பது தெரிந்து சிகிச்சை பெறச் சொன்னபோது, தேர்வுக் குழுவிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து அதையும் தடுத்தார்கள்.

இதில் ரகசியம் எங்கே இருந்தது? 1936லிருந்தே ஆய்வின் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டிருந்தன. பெயரோடு, பதவியோடு, அட்டவணை போட்டு. டாக்டர்கள் படித்தார்கள். அடுத்த கட்டுரைக்குக் காத்திருந்தார்கள். தெரியாமல் இருந்தது அந்த விவசாயிகளுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் மட்டும்தான். அதே துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966இல் ஆட்சேபித்து எழுதினார். பலனில்லை. கடைசியில் விஷயம் பத்திரிகையாளர் ஜீன் ஹெல்லர் கைக்குப் போய், 1972 ஜூலையில் செய்தியானது. 40 வருடம்! யாரும் சிறைக்குப் போகவில்லை.

அதனால்தான் ஆர்டனை நாஜியாகக் காட்டியது எனக்கு உறுத்துகிறது. கொடுமை வேறு நாட்டிலிருந்து பெயரை மாற்றிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிடுகிறது. 1964இல் அதற்கு அந்நியன் யாரும் தேவைப்படவில்லை. அந்த வருடமே நியூயார்க்கின் வில்லோபுரூக்கில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான அரசு விடுதியில், இடமில்லை என்று சேர்க்கையை நிறுத்தினார்கள். ஆனால் ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் நோய்க்கான ஆய்வு வார்டில் மட்டும் இடம் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்கு வைரஸை வேண்டுமென்றே கொடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். வேறு வழியில்லாதவர்களின் கையெழுத்து அது.

கொலைகாரன் விஷயத்தில் தொடர் நன்றாகவே யோசித்திருக்கிறது. கொலைகாரனான த்ரெட்ஸனும் ஒரு மனநல மருத்துவர். அடித்தளத்தில் பத்திரிகையாளர் லானாவைச் சங்கிலியில் கட்டி வைத்துவிட்டு, அவளுக்குச் சமைத்துப் போட்டு, தாய் தொடாத குழந்தையாக அநாதை விடுதியில் வளர்ந்ததைச் சொல்கிறானே, அந்தக் காட்சி என்னை ரொம்ப நேரம் தூங்க விடவில்லை. ஆனாலும் அவனுக்கு ஒரு முகமூடி வேண்டியிருக்கிறது. தான் செய்வதை மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. மேக்கன் கவுண்டிக்கு வந்த டாக்டர்கள் பகல் வெளிச்சத்தில் பெயர் சொல்லிக் கைகுலுக்கினார்கள். இருவரில் எனக்கு யாரிடம் பயம் அதிகம் என்று புரிந்திருக்கும்.

நீங்கள் நர்சிங் படித்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்த ஆண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ். அவர்கள் அவரை முழுக்க நம்பினார்கள். இறந்தால் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதம், பதிலுக்கு அடக்கச் செலவு என்ற பேச்சையும் குடும்பங்களிடம் அவர்தான் பேசினார். 1953இல் அவர் பெயரோடு ஒரு கட்டுரை வந்தது. கதவில் அரசு முத்திரை போட்ட காரில், அவர் ஓட்ட, தாங்கள் உட்கார்ந்து போவதை அந்த ஆட்கள் பெருமையாக நினைத்தார்கள் என்று அதில் இருக்கிறது. போகிற வழியில் அக்கம்பக்கத்தாருக்குக் கையசைத்துக்கொண்டே போவார்களாம்.