தவறிப்போன பேக்கப், தங்கிப்போன ஸ்னாப்ஷாட்

கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கணக்கு அலுவலகத்தில் ஒரே விஎம்வேர் ஹோஸ்ட்டில் (பல மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வரில்) மூன்று மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன. பேக்கப் சர்வரும் அவற்றில் ஒன்று. இரவு 10 மணி பேக்கப் இரண்டு வாரமாகத் தவறுகிறது. முதலில் தவறியது ஒரு லோட் ஷெட்டிங் (அட்டவணைப்படி மின்வெட்டு) இரவில். இப்போது கணக்கு சர்வர்மேல் "டிஸ்க்குகளை ஒருங்கிணைக்க வேண்டும்" என்ற எச்சரிக்கை நிற்கிறது. தினமும் காலையில் ரீட்ரை கொடுக்கிறோம், பலனில்லை. டேட்டாஸ்டோரில் (ஹோஸ்ட்டின் சேமிப்பிடத்தில்) 40 ஜிபிதான் மிச்சம். என்ன செய்யலாம்? — சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: ரீட்ரை கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஆபத்து அங்கேதான் வளர்கிறது.

பேக்கப் தொடங்கும்போது மென்பொருள் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. அந்த நொடியிலிருந்து மூல டிஸ்க் அசையாமல் நிற்கும். புதிதாக எழுதப்படுவதெல்லாம் தனியாக ஒரு டெல்டா கோப்பில் சேரும். வேலை முடிந்ததும் டெல்டாவை மூலத்தோடு இணைத்துவிட்டு ஸ்னாப்ஷாட்டை நீக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் இந்தக் கடைசிப் படி நடப்பதே இல்லை. டெல்டா அங்கேயே தங்கி, மூல டிஸ்க்கின் அளவுவரைகூட வளரும். ஒவ்வொரு ரீட்ரையும் அதன்மேல் இன்னொன்றை அடுக்கக்கூடும். ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பது விஎம்வேரின் அறிவுரை. உங்களுடையதற்கு இரண்டு வாரம் ஆகிறது. டேட்டாஸ்டோர் நிறைந்துவிட்டால் கணக்கு சர்வர் அப்படியே நின்றுவிடும்.

எதையும் தொடுவதற்குமுன், கணக்கு மென்பொருளுக்குள்ளிருந்தே தரவுத்தளத்தை ஒரு வெளி டிஸ்க்குக்கு எடுத்து வையுங்கள். இரண்டு வாரமாக உங்களிடம் நல்ல பிரதி இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து, பேக்கப் சர்வரின் அமைப்புகளைத் திறந்து அதில் எத்தனை ஹார்டு டிஸ்க் என்று எண்ணுங்கள். பேக்கப் சர்வரும் ஒரு மெய்நிகர் இயந்திரமாக இருக்கும் இடங்களில், மென்பொருள் மற்ற சர்வரின் டிஸ்க்கைத் தற்காலிகமாகத் தன்னோடு மாட்டிக்கொண்டு படிக்கும். இதை ஹாட்-ஆட் என்பார்கள். பாதியில் நின்றால் அந்த டிஸ்க் கழற்றப்படாமலே கிடக்கும். கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்ற பிழை பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. அந்நிய டிஸ்க் தெரிந்தால் கழற்றுங்கள். ஆனால் கழற்றும்போது "டேட்டாஸ்டோரிலிருந்து கோப்புகளையும் நீக்கு" என்ற கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் கணக்கு சர்வரின் உண்மையான டிஸ்க்.

பிறகு இடம். பழைய ஐஎஸ்ஓ கோப்புகளை (நிறுவல் வட்டுப் பிரதிகளை) நீக்கலாம். அதிகம் தேவைப்படாத ஒரு இயந்திரத்தை அணைத்தால் அதன் ஸ்வாப் கோப்பு (ராம் போதாதபோது பயன்படுவது) மறையும். 32 ஜிபி ராம் கொடுத்து, அதில் எதையும் முன்பதிவு செய்யாமல் வைத்திருந்தால் 32 ஜிபி திரும்பக் கிடைக்கும். எண்ணிட்ட டெல்டா கோப்புகளைக் கையால் நீக்கவே கூடாது. ஒன்று போனாலும் சங்கிலி அறுந்துவிடும்.

சனிக்கிழமை மாலை, மின்வெட்டு அட்டவணையில் நீண்ட இடைவெளி உள்ள நேரமாகப் பார்த்து, கணக்கு சர்வரை அணைத்துவிட்டு, டெல்டாவை மூலத்தோடு இணைக்கும் ஒருங்கிணைப்பைத் தொடங்குங்கள். அணைந்திருந்தால் புதிதாக எதுவும் எழுதப்படாது, டெல்டாவும் வளராது. 99 சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து ஹோஸ்ட்டை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அதன்பிறகும் பேக்கப் தவறினால், மாறிய பகுதிகளைக் குறித்து வைக்கும் சிபிடி பதிவு திடீர் மின்தடையில் கெட்டிருக்கலாம். ஸ்னாப்ஷாட் ஏதும் மிச்சமில்லாத நிலையில் சிபிடியை ரீசெட் செய்யுங்கள். பல பேக்கப் மென்பொருள்களில் இதற்கே ஒரு தேர்வு உண்டு. அடுத்த பேக்கப் முழு டிஸ்க்கையும் படிக்கும். ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறக்குறைய 110 எம்பி என்றால் 500 ஜிபிக்கு ஒன்றேகால் மணி, 2 டிபிக்கு ஐந்து மணி. இரண்டு மணி நேர மின்வெட்டுகளுக்கு நடுவே ஐந்து மணி வேலையைத் திணிக்க முடியாது. வார இறுதிக்குத் தள்ளுங்கள்.

இவ்வளவும் மறுபடி நடக்காமலிருக்க, நெட்வொர்க் ஸ்விட்ச்சும் பேக்கப் சேரும் நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியும் எந்தப் பிளக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். ஹோஸ்ட்டை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, ஸ்விட்ச்சைச் சுவரில் விட்டிருப்பது சிறிய அலுவலகங்களில் மிகவும் சாதாரணம். ஹோஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப்பின் பாதை அறுந்துவிடும். மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் வையுங்கள். பேட்டரி பாதிக்கு இறங்கும்போதே இயந்திரங்கள் ஒழுங்காக அணையும்படி அமையுங்கள். ஒரு இரவில் இருமுறை மின்சாரம் போனால், இரண்டாம் முறைக்கு யூபிஎஸ் பேட்டரி நிறைந்திருக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவமனை ஒன்றின் விண்டோஸ் சர்வர், உள்ளே எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளம். வாரத்தில் மூன்று நாள் "விஎஸ்எஸ் ரைட்டர் நேரம் கடந்தது" என்று பேக்கப் தவறுகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஓரிரு நாள் சரியாகிறது. — பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: அம்மா, ரீஸ்டார்ட் நோயைக் குணப்படுத்தவில்லை, காய்ச்சலை மட்டும் இறக்குகிறது. விஎஸ்எஸ் என்பது பேக்கப்புக்காக எழுதுவதைச் சற்று உறைய வைக்கும் விண்டோஸ் வசதி; ரைட்டர் என்பது அதற்கு ஒவ்வொரு மென்பொருளையும் தயாராக்கும் துணை நிரல். நிர்வாகி உரிமையோடு கட்டளைத்திரையைத் திறந்து "விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்" கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு ரைட்டரும் "ஸ்டேபிள்", "நோ எரர்" என்று இருக்க வேண்டும். எஸ்க்யூஎல் ரைட்டர் மட்டும் பிழை காட்டினால் முழு சர்வரையும் தொட வேண்டியதில்லை. "எஸ்க்யூஎல் சர்வர் விஎஸ்எஸ் ரைட்டர்" என்ற சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். தரவுத்தளம் ஓடிக்கொண்டே இருக்கும், நோயாளிப் பதிவு நிற்காது.

காரணத்தைத் தேட வேண்டிய இடம் கடிகாரம். விஎஸ்எஸ் ரைட்டர்களை உறைய வைப்பதற்கு 60 நொடிதான் அவகாசம். டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்திப் பிடித்திருக்க 10 நொடி. அந்த நேரத்தில் டிஸ்க் மூச்சுமுட்டினால் தோல்விதான். தவறிய மூன்று நாளிலும் அதே மணிக்கு வேறென்ன ஓடியது என்று பாருங்கள்: எஸ்க்யூஎல்லின் சொந்த பேக்கப், இண்டெக்ஸ் மறுகட்டமைப்பு, ஆண்டிவைரஸ் முழுச் சோதனை. வாரத்தில் சில நாள் மட்டும் தவறுவதால் இதுவே முதல் சந்தேகம். ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள சிறிய "சிஸ்டம் ரிசர்வ்ட்" பகுதியையும் பாருங்கள். 500 எம்பிக்குக் குறைவான பகுதியானால் அதில் குறைந்தது 50 எம்பி காலியாக இருக்க வேண்டும். யாரும் திறந்தே பார்க்காத பகுதி அது. இன்னொன்று, நம்பக் கடினமாக இருக்கும்: ஏதாவது தரவுத்தளத்தின் பெயர் முடிவில் ஓர் இடைவெளி இருந்தால் எஸ்க்யூஎல் ரைட்டர் தடுமாறும். ஆனால் அப்போது தினமும் தவறும்.

"அப்ளிகேஷன் கன்சிஸ்டன்ட்" (மென்பொருளைத் தயாராக்கிவிட்டுப் பிரதி எடுப்பது) என்ற தேர்வை எடுத்துவிடுங்கள், பச்சை (வெற்றிக் குறி) வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். வரும். ஆனால் அந்தப் பிரதி, ஓடும் சர்வரின் பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம். நோயாளி தரவுக்கு அதை நிரந்தர ஏற்பாடாக வைக்காதீர்கள்.

கேள்வி: பிராக்ஸ்மாக்ஸில் (விஎம்வேர் போன்ற இன்னொரு மென்பொருள்) மின்வெட்டுக்குப் பிறகு "இயந்திரம் பூட்டப்பட்டுள்ளது (பேக்கப்)" என்கிறது. பூட்டை எடுத்தாலும் அன்று பேக்கப் பல மணி நேரம் ஓடுகிறது. — டோங்காட்

பதில்: வேறு பேக்கப் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துவிட்டு "க்யூஎம் அன்லாக்" கட்டளையோடு இயந்திர எண்ணைக் கொடுங்கள். நேரம் கூடுவது கோளாறு அல்ல. பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு எடுப்பதானால், மாறிய பகுதிகளின் பட்டியல் ஓடும் இயந்திரத்தின் நினைவில் மட்டுமே இருக்கிறது; இயந்திரம் அணைந்தால் அதுவும் போய்விடும். அன்று முழு டிஸ்க்கையும் படித்தாக வேண்டும். ஆனால் அந்தச் சர்வரில் ஏற்கெனவே உள்ள துண்டுகளை மறுபடி அனுப்பாது. இடமும் அதிகம் எடுக்காது.

கேள்வி: ஓராண்டாக பேக்கப் எல்லாம் பச்சை. ஆனால் மீட்டுப் பார்த்ததில்லை. எப்படிச் சோதிப்பது? — லெனேஷியா

பதில்: வேறு பெயரில் மீட்டெடுங்கள். இயக்குவதற்குமுன் நெட்வொர்க் கார்டின் இணைப்பை எடுத்துவிடுங்கள். இல்லையேல் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் மோதும், பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கண்ட்ரோலர் என்றால் இன்னும் மோசம். பூட் ஆனால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்து, தரவுத்தளச் சோதனை ஓட்டி, முந்தைய நாளின் கடைசி ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள்.

இரண்டாம் பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளம் போன்ற ஒன்றில் சர்வரும் அதன் பக்கத்து டிஸ்க்கும் ஒன்றாகவே நனையும். வெளியே போகும் பிரதியை என்கிரிப்ட் செய்யுங்கள். பொப்பியா எனும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தனிநபர் தகவலுக்குப் பாதுகாப்பு கேட்கிறது, பேக்கப்பில் உள்ளதும் தனிநபர் தகவல்தான். அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, சர்வர் இல்லாத இடத்தில் இருவரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த மீட்புச் சோதனையை அந்தத் தாளைப் பார்த்தே செய்யுங்கள்.