சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான ஹுமாயூன் மஹாலைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்க ஏன் இத்தனை ஆண்டுகள்? சிமென்ட் பூசி ஆறு மாதத்தில் முடித்திருக்கலாமே?

முடித்திருக்கலாம். நாலைந்து மழைக்காலத்துக்குள் எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி பூசவும் நேர்ந்திருக்கும்.

வாலாஜா சாலையில் போகும்போதெல்லாம் அந்தச் சாரத்தைப் பார்த்துச் சலித்துப்போனவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அந்த வேலையில் நான் இல்லை. இதை இப்போதே சொல்லாவிட்டால் 'ஒப்பந்ததாரருக்கு வக்காலத்தா?' என்று யாராவது கிளம்புவார்கள். சென்னையில் வேறு பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

சேப்பாக்கம் அரண்மனை 1768 வாக்கில் நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில், சுவருக்குள் புதைந்த மரமுனைதான் முதலில் மட்கும். கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்த சில ஆண்டுகளில் அரண்மனை அரசின் கைக்கு வந்து அலுவலகமானது. அலுவலகம் என்றால் ஆணி, தடுப்பு, கோப்புக் குவியல்! பக்கத்துக் கலச மஹால் 2012-இல் எரிந்ததே, நினைவிருக்கிறதா?

ராயப்பேட்டையில் நாங்கள் செய்த வேலை ஒன்றில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பு அரைத்தோம். மூட்டை மூட்டையாக வாங்கியதற்குப் பில் போட்டேன். தணிக்கையிலிருந்து கேள்வி வந்தது: கட்டட வேலைக்கு வெல்லம் எதற்கு? தொழிலாளர் சிற்றுண்டியை இந்தத் தலைப்பில் எழுத முடியாது என்று குறிப்பு வேறு. விளக்கம் எழுதினேன். அடுத்து, கடுக்காய் மருந்துச் செலவு ஆகாதா என்றார்கள். எங்கள் மூத்த கொத்தனார், "ஒரு செம்பு கடுக்காய்த் தண்ணீரை அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள் சார், குடித்ததும் மருந்தா இல்லையா என்று தெரிந்துவிடும்" என்றார். சிரித்தோம். ஆனால் பணம் நின்றுபோனதால் நல்ல கைகாரர்கள் இருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடி வேலைக்குப் போய்விட்டார்கள். சுண்ணாம்பை மெழுகுபோல் இழைக்கும் ஆட்களை மறுபடி எங்கே தேடுவது? வேலை கிடந்தது.

எல்லாத் தாமதமும் நியாயம் என்று நான் சொல்லவில்லை. கோப்பு தூங்கிய காலத்தைச் சுண்ணாம்பின் தலையில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் இப்போது குடியிருக்கும் புதிய அடுக்குமாடியில் மொட்டை மாடிக்குச் சரியான வாட்டம்கூடக் கொடுக்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் படிக்கட்டில் இறங்குகிறது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஒன்றாம் தேதி காலையிலேயே கேட்கிறார்கள்.